கிரீஸ் போகாத புஷ்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் நோக்கிச் செல்லும் ஏ8 நெடுஞ்சாலை, மூல்ஹவுசனைத் தாண்டியதும் ஸ்வாபிய ஆல்ப் மலைமீது ஏறத் தொடங்குகிறது. சென்ற இலையுதிர் காலத்தில் அந்த ஏற்றத்தின் ஒரு வளைவில், முன்னே சென்ற லாரியைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில், என் காரின் பின்பகுதி என்னைக் கேட்காமலேயே ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்தது. ஸ்டியரிங்கை நான் அசைக்கவில்லை, சாலை காய்ந்திருந்தது, வேகமும் அப்படியொன்றும் மிகையானதில்லை. மறுபடி காலை அழுத்தியதும் அந்த நகர்வு வந்த வழியே திரும்பிப் போனது. ஓட்டுவது நான்தான், ஆனால் பின்னிருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்துகொண்டு பின்சக்கரங்களுக்குத் தனியாக ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார் என்று தோன்றியது.

கார் 1996ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ எம்3 கூப்பே. இ36 என்று அழைக்கப்படும் தலைமுறையைச் சேர்ந்தது. 3.2 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் 321 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சின், ஆறு கியர்கள், பின்சக்கர உந்துதல். ஓடோமீட்டர் 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்திருந்தது. எஞ்சினுக்கு நேரத்தில் எண்ணெய் மாற்றினேன், வால்வு இடைவெளி பார்த்தேன், கூலன்ட் குழாய்களையெல்லாம் புதுப்பித்தேன். ரப்பரை மட்டும் மறந்துவிட்டேன். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும் என்பது தெரியாததல்ல, தெரிந்தும் தள்ளிப்போட்டதுதான்.

அந்த நகர்வின் காரணத்தைக் கண்டுபிடிக்க நான் எடுத்துக்கொண்ட வழி புத்திசாலித்தனமானது அன்று. இடப் பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்ததால், முதலில் பின் டயர்கள் இரண்டையும் மாற்றினேன். டயர் கடையில் இருந்தவர் பேலன்ஸ் சரியில்லாததே காரணம் என்று சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதன்பின் ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டுப் பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றினேன். குழிகளில் கார் முன்னைவிட அழகாக ஏறி இறங்கியது. ஆனால் வளைவில் காலை எடுத்தால் அதே விரற்கடை, அதே இடப்பக்கம். பேலன்ஸ் கெட்டால் சக்கரம் அதிரும். ஒரு விளிம்பை மட்டும் தின்னாது. ஒரு விளிம்பு தேய்கிறதென்றால் சக்கரம் போகவேண்டிய திசையில் பார்க்கவில்லை என்று பொருள். இதை டயர் கடை வாசலிலேயே நினைத்துப் பார்த்திருந்தால் ஷாக் அப்சார்பர்களின் விலை மிச்சமாகியிருக்கும்.

ஜெர்மனியில் கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்த முறை பரிசோதகர் காரை மேலே தூக்கி, ஒரு நெம்புக்கம்பியை எடுத்து, இடப் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம் என்ற இரும்புக் கையின் முன்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே செருகி மெல்ல அழுத்தினார். எதுவும் சத்தமிடவில்லை. ஆனால் அந்த இரும்புக் கை, பாலில் ஊறிய ரொட்டியில் குத்திய கரண்டியைப் போல, இடமும் வலமும் அசைந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, நடுவிலுள்ள இரும்புக் குழலைச் சுற்றி ரப்பரில் பிறை வடிவில் ஒரு வெடிப்பு தெரிந்தது. வெடிப்பின் ஓரத்தில் ரப்பர் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் “சைலன்ட்பிளாக்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, சிறிய குறைபாடு என்று குறித்து ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுத்தார். இங்கே புஷ்ஷுக்கு, அதாவது கையும் உடலும் சேரும் இடத்தில் இருக்கும் அந்த ரப்பர் உருளைக்கு, அதுதான் பெயர். சத்தத்தை அடக்கும் கட்டை என்று பொருள் கொள்ளலாம். சத்தத்தை அடக்குவது அதன் வேலையில் பாதிதான். இந்தக் காரில் மற்ற பாதி, பின்சக்கரத்தைத் திசை திருப்பாமல் பிடித்திருப்பது.

அந்தப் பாதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இ36இன் பின் அமைப்பை இசட் ஆக்சில் என்பார்கள். முதன்முதலில் 1989 முதல் 1991 வரை 8,000 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட இசட்1 என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து, பிறகு இந்தத் தலைமுறைக்கு மாறியது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் மூன்று கைகள் பிடித்திருக்கின்றன. மேலும் கீழுமாகக் குறுக்கே செல்லும் இரண்டு கைகள் சக்கரம் பக்கவாட்டில் போகாமல் தடுக்கின்றன. மூன்றாவதான டிரெய்லிங் ஆர்ம் சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீண்டு, காரின் உடலில் ஒரே ஒரு பெரிய புஷ் வழியாக மாட்டப்பட்டிருக்கிறது. அந்த ஒரு புஷ் பக்கவாட்டில் நகர்ந்தால் டிரெய்லிங் ஆர்மின் முன்முனை நகர்கிறது; முன்முனை நகர்ந்தால் சக்கரமே திரும்புகிறது. புஷ்ஷுக்கும் சக்கர மையத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், புஷ் 3 மில்லிமீட்டர் அசைவது சக்கரத்தை ஒரு பாகையில் மூன்றிலொரு பங்கு திருப்பிவிடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்தக் காரின் பின்சக்கரங்கள் எந்த அளவுக்கு உள்நோக்கியிருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்களோ, கிட்டத்தட்ட அந்த அளவு முழுவதையும் இந்த அசைவு ஒன்றே விழுங்கிவிடக்கூடும்.

ஏன் காலை எடுத்தபோது மட்டும் அது நடந்தது? சக்கரம் டிரெய்லிங் ஆர்முக்கு வெளிப்புறம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சாலை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் சக்கரத்தின் மூக்கை உள்ளே திருப்பப் பார்க்கிறது. அது காரை நிலைப்படுத்தும். காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ சாலை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. மூக்கு வெளியே திரும்பப் பார்க்கிறது. புஷ் நலமாக இருக்கும்வரை இந்த இரண்டு ஆசைகளும் ரப்பருக்குள்ளேயே அடங்கிவிடும். என் காரில் இடப்பக்கப் புஷ் கிழிந்திருந்ததால், காலை எடுத்ததும் இடச் சக்கரம் இடப்பக்கம் பார்த்தது. காரின் பின்பகுதியும் அதன் பின்னே போயிற்று. பின்னிருக்கை ஓட்டுநர் இவர்தான்.

இது பழைய பிரச்சினையும்கூட. வளைவில் காலை எடுத்தால் பின்சக்கரம் வெளியே திரும்புவதைத் தடுப்பதற்காகவே போர்ஷ் நிறுவனத்தார் 1977இல் வந்த 928இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதற்குத் தங்கள் ஆய்வு மையம் இருக்கும் வைசாக் என்ற ஊரின் பெயரையே வைத்தார்கள். வைசாக் என் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணம். அவர்களுடைய அமைப்பில், பிரேக் பிடிக்கும்போது ரப்பர் எந்தத் திசையில் எவ்வளவு வளைய வேண்டும் என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டிருந்தார்கள். ரப்பரின் மென்மை ஒரு குறையன்று, அதுவும் வரைபடத்தில் இருக்கும் ஓர் உறுப்பு என்பதை அந்த வேலையைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எனவே எந்தப் புஷ்ஷை வாங்குவது என்ற கேள்விக்கு நான் இரண்டு வாரம் செலவிட்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர் பாலியூரித்தேன் புஷ்ஷைப் பரிந்துரைப்பார்கள். அது ரப்பரைவிட விறைப்பானது, நீண்ட காலம் உழைப்பது, சிவப்பிலும் மஞ்சளிலும் கிடைப்பது. கைகள் ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடங்களில் அது நல்ல தேர்வாக இருக்கலாம். இந்த டிரெய்லிங் ஆர்ம் அப்படியல்ல. சக்கரம் ஏறி இறங்கும்போது குறுக்குக் கைகள் இரண்டும் வெவ்வேறு வளைவுகளில் நகர்வதால், டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதோடு தன் அச்சிலும் சற்று முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த முறுக்கத்துக்கு இடம்கொடுக்கும் ஒரே பொருள் முன்முனையிலுள்ள ரப்பர்தான். அங்கே விறைப்பான ஒன்றை வைத்தால், ரப்பர் வாங்கிக்கொள்ளவேண்டிய வேலையைக் காரின் உடல் தகடு வாங்கிக்கொள்ளும். இ36இல் புஷ் மாட்டியிருக்கும் இடத்தின் தகடு கிழிவது அறியப்பட்ட சிக்கல். அதற்கென்றே பற்றவைக்கும் வலுவூட்டுத் தகடுகள் விற்கிறார்கள். ஐம்பது யூரோ ரப்பரைக் காப்பாற்றி உடலைக் கிழித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

லெம்ஃபோர்டர் செய்யும் சாதாரண ரப்பர் புஷ் இரண்டை வாங்கினேன். இரண்டும் சேர்ந்தும் ஒரு பின் டயரின் விலைக்கு வரவில்லை. கூடவே புஷ்ஷின் இரு பக்கமும் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையங்களும் வாங்கினேன். அவை ரப்பர் முறுக்கிக்கொள்வதைத் தடுப்பதில்லை; பக்கவாட்டில் ஓர் எல்லைக்கு மேல் நகர்வதை மட்டும் தடுக்கின்றன. ரப்பரை ரப்பராகவே விட்டு, அதன் ஒரு கெட்ட பழக்கத்தை மட்டும் கட்டுப்படுத்துவது எனக்கு நியாயமாகப் பட்டது.

வேலையைத் தொடங்குமுன் நாமக்கல்லில் இருக்கும் என் மாமாவிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் நாற்பது ஆண்டுகள் லாரிகளுக்குப் பட்டை வேலை செய்தவர். அதாவது லீஃப் ஸ்பிரிங் கழற்றி, அடித்து, இரும்புப் பின்னும் புஷ்ஷும் மாற்றிப் பூட்டுபவர். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“கிரீஸ் நிப்பிள் எந்தப் பக்கம் மாப்ள?”

“நிப்பிளே இல்லைங்க மாமா. கிரீஸே போகாது.”

“கிரீஸ் போகாத புஷ்ஷா? அப்புறம் எப்படிச் சுத்தும்?”

“சுத்தாதுங்க மாமா. முறுக்கிக்கும்.”

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “அப்படின்னா எந்த நிலையில வெச்சு டைட் பண்றயோ, அதுதானே அதுக்கு வீடு?” என்றார்.

நான் இரண்டு வாரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார். லாரியின் பட்டைப் புஷ் உலோகமானது. இரும்புப் பின் அதற்குள் வழுக்கிச் சுழலும். எந்தக் கோணத்தில் பூட்டினாலும் ஒன்றுதான். ரப்பர் புஷ்ஷில் வெளிக்குழல், ரப்பர், உட்குழல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போல்டை இறுக்கியதும் உட்குழல், புஷ்ஷைக் காரின் உடலோடு இணைக்கும் பிராக்கெட்டின் இரு காதுகளுக்கும் இடையே அசையாமல் பிடிபடுகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் ரப்பரின் முறுக்கம்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுக்கினால், தொங்கும் நிலையே அதற்கு வீடாகிவிடும். என் காரில் சக்கரம் தொங்கும்போது 9 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அரை மீட்டர் நீளக் கைக்கு அது 10 பாகைக்கு மேல். அப்படி இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் 10 பாகை முறுக்கிக்கொண்டு நிற்கும். குழியில் விழும்போது மேலும் முறுக்கும். சில மாதங்களில் கிழியும். புதிய புஷ் போட்டும் ஓராண்டு தாங்கவில்லை என்று குறைப்படும் பலருடைய கதையில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பல கார்களில் போல்டைத் தளர்வாக மாட்டி, காரைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகு இறுக்கலாம். இ36இன் டிரெய்லிங் ஆர்மில் அது முடியாது. போல்டின் தலையும் நட்டும் உடலின் குழிவுக்குள் மறைந்துவிடுகின்றன. பிராக்கெட்டைக் கையோடு பூட்டி இறுக்கிய பிறகே மேலே ஏற்ற முடியும். ஆகவே கோணத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்காரர்களிடம் அதற்கெனத் தனிக் கருவி உண்டு. என்னிடம் இருந்தது ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டி.

ஜெர்மனியில் தெருவில் காரைக் கழற்றிப் போடுவது நடக்காது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை ரம்பச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கமாட்டார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு இடமும் லிஃப்டும் தரும் பட்டறைகள் இங்கே உண்டு. அப்படியொன்றில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் கால்மணி நேரத்துக்கு மட்டும், கார் தன் சக்கரங்களின்மேலேயே நிற்கும் நான்கு கால் லிஃப்டைக் கேட்டு வாங்கினேன். பாரம் முழுவதும் சக்கரத்தில் இருக்கும் அந்த நிலையில், பிராக்கெட்டின் விளிம்புக்கும் டிரெய்லிங் ஆர்மின் அடிவிளிம்புக்கும் இடையிலுள்ள கோணத்தை அட்டையில் வரைந்து, கத்தரித்து, மறுபடி வைத்துப் பார்த்து, ஒளி கசியாத அளவுக்குச் சீவினேன். இடம், வலம் என்று எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் நான் பயன்படுத்திய கருவிகளில் மிக முக்கியமானது அதுதான்.

பிறகு இரண்டு கால் லிஃப்டுக்கு மாறி, சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப், ஹேண்ட்பிரேக் கேபிளின் பிடி, ஏபிஎஸ் வயர் ஆகியவற்றை முதலில் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் டிரெய்லிங் ஆர்ம் கீழிறங்கும்போது அதன் பாரம் ஹோஸில் தொங்கும். ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்டையும் எடுத்துவிட்டேன். பிராக்கெட்டை உடலோடு பிடித்திருப்பவை மூன்று போல்ட்கள். அவற்றின் துளைகள் நீள்வட்டமானவை, ஏனென்றால் பிராக்கெட்டை நகர்த்தித்தான் பின்சக்கரத்தின் டோவை, அதாவது சக்கரத்தின் மூக்கு எவ்வளவு உள்நோக்கியிருக்கிறது என்ற கோணத்தை, சரிசெய்கிறார்கள். எனவே கழற்றுமுன் பிராக்கெட்டின் எல்லையைச் சுற்றிக் கூர்முனையால் கீறி, மேலே வெள்ளை பெயின்ட் பேனாவாலும் கோடிட்டேன். அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை கார் நேராகப் போய்ச் சேர இந்தக் கோடு போதும்.

போல்ட்களுக்கு முந்தைய மூன்று நாட்களும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். இங்கே குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு முப்பது ஆண்டுகளில் ஒரு போல்டை என்ன செய்யும் என்பதைச் சென்னைக் கடற்கரையோரம் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். நல்லவேளையாக மூன்றும் முனகிக்கொண்டே வந்தன. பிராக்கெட் விடுபட்டதும் ஆர்மைக் கீழே நெம்பி, அதற்கும் உடலுக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகினேன். கிழிந்த புஷ் முழுவதும் கண்முன் வந்தது. ஆள்காட்டி விரலால் உட்குழலைத் தள்ளினேன், அது நகர்ந்தது. ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு காரின் பின்சக்கரத்தை இந்த ரப்பர் நேற்றுவரை பிடித்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்து ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் மனிதனைச் சோதிக்கும் பகுதி. புஷ்ஷை இழுத்தெடுக்கும் புல்லர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அது அன்று வேறொருவரிடம் இருந்தது. எனவே எம்12 திரெட் ராடு (12 மில்லிமீட்டர் தடிமனில் முழுநீளமும் மரையிட்ட கம்பி) ஒன்று, புஷ்ஷைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்று, சற்றுச் சிறிய தட்டு ஒன்று, தடித்த வாஷர்கள் ஆகியவற்றைக் கொண்டு நானே ஒரு இழுவைக் கருவி அமைத்தேன். ராடு புஷ்ஷின் உட்குழல் வழியே போகும். ஒரு பக்கம் நட்டைத் திருகினால் புஷ் மறுபக்கக் குழாய்க்குள் இழுபடும். கணக்கு சரிதான், கடையில் வாங்கிய ராடுதான் சரியில்லை. அரைமணி நேரம் திருகியபின் “டப்” என்றொரு சத்தம். குழாய்த் துண்டு என் தோளைத் தாண்டிப் பறந்து சுவரில் மோதியது. ராடின் மரை முழுவதும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாமான் கடைகளில் கிடைக்கும் சாதாரண திரெட் ராடு 4.8 என்ற தரத்தைச் சேர்ந்தது. அலமாரி தொங்கவிட அது போதும், முப்பது ஆண்டு துருவோடு மல்லுக்கட்டப் போதாது. வாங்குமுன் நுனியில் என்ன தரம் பொறித்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த பட்டறைப் பொறுப்பாளர், எழுபது வயதை நெருங்கும் மனிதர், சுவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே போய் 10.9 என்று முத்திரையிட்ட ராடு ஒன்றையும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். “முதலில் ரம்பத்தால் அதன் பிடியைத் தளர்த்துங்கள், பிறகு இழுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னபடியே ரப்பரைத் துளையிட்டு உட்குழலை வெளியே எடுத்தேன். ஹேக்சா பிளேடை வெளிக்குழலுக்குள் நுழைத்து மாட்டி, உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல அறுத்தேன். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் நுட்பம். புஷ்ஷின் குழல் மெல்லிய இரும்பு; அதற்கு அப்பால் இருப்பது ஆர்மின் சுவர். பிளேடு குழலைக் கடக்கும் கணத்தில் ஒலி மாறுகிறது. கிறீச்சிடுவது நின்று சற்று மந்தமாகிறது. அந்த மந்தமான ஒலியைக் கேட்டதும் நிறுத்தி, உளியால் குழலின் விளிம்பை உள்ளே மடித்தேன். அதன்பின் கருவிக்கு வேலையே இல்லை. நான்கு அடியில் குழல் வெளியே விழுந்தது. ரப்பரைத் தீயிட்டு எரித்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிக்க எனக்கு மனமில்லை. அருகிலேயே பெட்ரோல் டேங்கும் பிரேக் ஹோஸும் இருக்கின்றன.

துளையை எமரித் தாளால் தேய்த்துத் துருவைப் போக்கினேன். புதிய புஷ்ஷுக்கும் திசை உண்டு; எப்படி வேண்டுமானாலும் திருப்பி அடிக்கக்கூடாது. பழையது எந்தக் கோணத்தில் இருந்தது என்பதைக் கழற்றுமுன்பே ஆர்மில் ஒரு கோடாகக் குறித்திருந்தேன். இழுத்து ஏற்றும்போது வழுக்கச் சோப்புத் தண்ணீரைத்தான் பயன்படுத்தினேன். பெட்ரோலியம் கிரீஸும் எஞ்சின் எண்ணெயும் இயற்கை ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் காய்ந்து போய்விடும், ரப்பரும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். 10.9 ராடில் நட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே சீராக ஏறியது; பத்து நிமிடத்தில் புஷ் உள்ளே போய்விட்டது.

போய்விட்டது என்று நினைத்தேன். பிளாஸ்டிக் வளையங்களை வைத்துப் பிராக்கெட்டை ஏற்றிப் பார்த்தபோது ஒரு பக்க வளையம் இறுக்கமாக நசுங்கியது, மறுபக்க வளையம் லொடலொடவென்று ஆடியது. காலிப்பரால் அளந்தால், புஷ் மையத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. வளையம் இல்லாமல் பூட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. ஓடும்போது பிராக்கெட்டின் ஒரு காதில் உரசி, ஏதோ ஒரு மழைநாளில் கிறீச்சிட ஆரம்பித்திருக்கும். கருவியைத் திருப்பி மாட்டி 2 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்தேன். சோப்புத் தண்ணீர் அதற்குள் பாதி காய்ந்திருந்ததால் அந்த 2 மில்லிமீட்டருக்கு முன்னைய 40 மில்லிமீட்டரைவிட அதிக நேரம் ஆயிற்று.

பிறகு அட்டையை எடுத்தேன். பிராக்கெட்டைத் தளர்வாக மாட்டி, போல்டுக்குப் புதிய சுயபூட்டு நட்டைப் போட்டு, அட்டையை இடையில் வைத்து, ஒளி கசியாத நிலைக்குப் பிராக்கெட்டைத் திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டு 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இறுக்கும்போது பிராக்கெட் கூடவே சுழலப் பார்க்கும். ஒரு கையில் டார்க் ரெஞ்ச், மறு கையில் பிராக்கெட், அட்டையைப் பிடிக்கக் கையில்லை. பல்லில் கடித்துக்கொண்டேன். இதைப் பார்த்த பொறுப்பாளர் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.

மரக்கட்டையை எடுத்துவிட்டு ஆர்மை ஜாக்கியால் ஏற்றுமுன், உடலில் பிராக்கெட் உட்காரும் குழிவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பில்லை, ஓரிடத்தில் பெயின்ட் உரிந்து செம்மை ஏறியிருந்தது. துருத்தடுப்புப் பூச்சும் மேலே மெழுகும் அடித்தேன். மூன்று போல்ட்களையும் வெள்ளைக் கோட்டுக்கு நேராக வைத்து 77 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். ஹோஸ், கேபிள், வயர், ஷாக் போல்ட் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. இடப்பக்கம் முடிய ஐந்து மணி நேரம். வலப்பக்கம் ஒன்றரை மணி நேரம்தான். வலப்பக்கப் புஷ் கிழிந்திருக்கவில்லை, தளர்ந்து மட்டுமே இருந்தது. ஆனாலும் ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக விட்டால் இரு சக்கரங்களும் வெவ்வேறு அளவில் திரும்பும் என்பதால் அதை மாற்றாமல் விட முடியாது.

திங்கட்கிழமை வீல் அலைன்மென்ட். இயந்திரம் முதலில் காட்டிய எண்கள் நான் குறித்த கோட்டின் தரத்தைச் சொல்லின: இடப்பக்க டோ 2 கலை, வலப்பக்கம் 19 கலை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. முன்பு யாரோ இடப்பக்கத்தைக் கிழிந்த புஷ்ஷோடு வைத்து அளந்திருக்க வேண்டும். பணியாளர் பிராக்கெட்டின் மூன்று போல்ட்களையும் தளர்த்தி, நெம்புக்கம்பியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரு பக்கத்தையும் 12 கலைக்குக் கொண்டுவந்தார். பிறகு கீழ்க் குறுக்குக் கையின் மையம் தப்பிய போல்டைத் திருப்பி, கேம்பரையும், அதாவது சக்கரம் மேற்புறம் சாய்ந்திருக்கும் கோணத்தையும், இரு பக்கமும் சமமாக்கினார். இந்த வேலைக்குப் பிறகு அலைன்மென்டைத் தவிர்த்துப் பணம் மிச்சம்பிடிப்பவர்கள் அந்தப் பணத்தை டயர் கடையில் கொடுப்பார்கள்.

அன்று மாலையே மூல்ஹவுசனுக்குப் போனேன். அதே வளைவு, இம்முறை முன்னே லாரியில்லை, பின்னேயும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு வேண்டுமென்றே காலை எடுத்தேன். முன்பகுதி சற்றுத் தாழ்ந்தது, வேகம் குறைந்தது, அவ்வளவுதான். சாலை இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது கேட்கும் ஒலி முன்னைவிட ஒரு சிறிது கூடியிருக்கிறது. வளையங்களின் விலை அது. ஆனால் ஸ்டியரிங்கே வேறொன்றாகிவிட்டதைப் போல இருந்ததுதான் நான் எதிர்பாராதது. முன்சக்கரங்களில் நான் எதையும் தொடவில்லை. நேர்ச்சாலையில் நான் ஆண்டுக்கணக்கில் அறியாமலே செய்துகொண்டிருந்த சிறுசிறு திருத்தங்களை இப்போது செய்யவேண்டியிருக்கவில்லை. கை அவற்றைத் தேடி ஏமாந்தது.

500 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்களின் இறுக்கத்தை மறுபடி பார்த்தேன், எதுவும் அசையவில்லை. கிழிந்த புஷ்ஷின் துண்டுகளைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பதிலாக அவர் ஒரு லாரிப் பட்டைப் பின்னைப் படமெடுத்து அனுப்பினார். நாணயம் ஒன்றை அருகில் வைத்து, ஒரு பக்கம் பாதியாகத் தேய்ந்திருப்பது தெரியும்படி. கீழே, “இதுக்கு கிரீஸ் போகும், ஆனா எவனும் அடிக்கல” என்று எழுதியிருந்தார்.